மூளைக் காயத்துக்குப் பின் தங்கி வாழும் இல்லம்: எதைப் பார்த்து நம்புவது?

பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டவர், பக்கவாதம் வந்தவர், மாரடைப்பின்போது சில நிமிடம் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் பிழைத்தவர், மூளைக்காய்ச்சலில் இருந்து மீண்டவர், மூளைக் கட்டியை அகற்றிக்கொண்டவர். காரணம் வேறு வேறாக இருந்தாலும், பிறந்து வளர்ந்த பிறகு மூளையில் ஏற்பட்ட காயத்தோடு வாழ்பவர்கள் இவர்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது. உயிர் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள். பிழைத்தவருக்கு வயது 26 என்றால் முன்னால் இன்னும் நாற்பது ஐம்பது வருடம் கிடக்கிறது. அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத குடும்பங்கள் தங்கிப் பராமரிக்கும் இல்லத்தைத் தேடுகின்றன.

தேடிப் போகும்போது கண்ணில் படுவது தரையின் சுத்தம், ஏசி, சிசிடிவி, பூட்டிய கேட். இவற்றில் எதுவும் மூளைக் காயம் அடைந்தவரைப் பத்திரமாக வைத்திருக்காது. அவருக்கு எந்த இடத்தில், எந்த வேலையில், எந்த நேரத்தில் மூளை கைவிடுகிறது என்பதை இல்லம் துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கிறதா, அந்த இடத்தில் மட்டும் கைகொடுக்கிறதா என்பதில்தான் பாதுகாப்பும் தரமும் இருக்கின்றன.

"நல்லாத்தானே பேசுறாரு?"

மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களிடம் ஒரு முரண் உண்டு. கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்வார்கள். செய்யும்போது அந்த அறிவு கைக்கு வராது. "அடுப்பில் பால் பொங்கினால் என்ன செய்வீர்கள்?" என்றால் "அடுப்பை அணைப்பேன்" என்பார். அதே மனிதர் சமையலறையில் நிற்கும்போது பால் பொங்கி வழிந்து தீயை அணைத்து, கேஸ் கசிந்துகொண்டிருக்கும். அவர் பார்த்துக்கொண்டே நிற்பார். பொய் சொல்லவில்லை, சோம்பலும் இல்லை. ஒன்றைத் தொடங்குவது, வரிசையாகச் செய்வது, தேவைப்படும் நேரத்தில் நிறுத்துவது எல்லாம் முன்மூளையின் வேலை. பேச்சு வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும்.

இதோடு இன்னொன்றும் சேரும்: தனக்குக் குறை இருப்பதே அவருக்குத் தெரியாமல் போவது. "எனக்கு ஒண்ணும் இல்ல, நான் வேலைக்குப் போறேன்" என்று உறுதியாகச் சொல்வார். அதனால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு "இவர் லேசான கேஸ்" என்று சேர்த்துக்கொள்ளும் இல்லத்தை நம்ப வேண்டாம். சரியான இல்லம் அவரைச் செய்ய வைத்துப் பார்க்கும். டீ போடச் சொல்வார்கள், 100 ரூபாயைக் கையில் கொடுத்துக் கடையில் இரண்டு சாமான் வாங்கி வரச் சொல்லிக் கூடவே போவார்கள், ரோட்டைக் கடக்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார் என்று கவனிப்பார்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மூளைக் காயத்தில் வரும் களைப்பு சாதாரண அசதி போன்றது இல்லை. காலை பத்து மணிக்குத் தானே சட்டைப் பட்டன் போடுபவர், மாலை ஐந்துக்கு அதே பட்டனைப் பிடித்துக்கொண்டு அழலாம்.

பராமரிப்புத் திட்டம்: படித்துப் பாருங்கள்

ஒவ்வொருவருக்கும் எழுத்தில் ஒரு பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும். பெயர்களை மறைத்துவிட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். "உணவில் கவனம் தேவை, நடக்கும்போது உதவி தேவை" என்று இருந்தால் அது யாருக்கும் பொருந்தும், யாருக்கும் உதவாது. "இடது பக்கம் கவனத்துக்கே வராது. தட்டின் இடது பாதியில் சோறு அப்படியே இருக்கும். சாப்பிட்டு முடித்ததாகச் சொன்னதும் தட்டைத் திருப்பி வையுங்கள். வாசலில் நுழையும்போது இடது தோள் இடிக்கும், அந்தப் பக்கம் நடந்து வாருங்கள்" என்று இருந்தால், நேற்று வேலைக்குச் சேர்ந்த பராமரிப்பாளர்கூட இன்று இவரைச் சரியாகக் கவனிக்க முடியும். திட்டத்தில் கடைசியாகத் திருத்திய தேதியையும் பாருங்கள். மூளைக் காயம் அடைந்தவர் மாறிக்கொண்டே இருப்பார். ஒரு வருடமாகத் தொடாத தாள் இன்றைய மனிதரைப் பற்றியது இல்லை.

சாப்பாடு: சத்தமில்லாத ஆபத்து

விழுந்தால் எல்லாருக்கும் தெரியும். சாப்பாடு நுரையீரலுக்குள் போவது பல நேரம் யாருக்கும் தெரியாது. தொண்டையில் உணர்வு குறைந்தவருக்கு உணவு தவறான பாதையில் இறங்கினாலும் இருமல் வராது. சாப்பிட்ட பின் குரல் கொழகொழப்பாக மாறுவது, மாலையில் காரணமில்லாத காய்ச்சல், திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி ஆகியவையே தடயங்கள். "இவருக்கு அடிக்கடி சளி பிடிக்கும்" என்று ஒரு பராமரிப்பாளர் சாதாரணமாகச் சொன்னால், ஸ்பீச் தெரபிஸ்ட் விழுங்குதலைச் சோதித்தாரா என்று உடனே கேளுங்கள்.

தெரபிஸ்ட் ஒவ்வொருவருக்கும் உணவின் பதத்தை எண்ணில் எழுதித் தருவார். உலக அளவில் இப்போது 0 முதல் 7 வரையிலான ஐடிடிஎஸ்ஐ அளவுகோல் புழங்குகிறது. 0 முதல் 4 வரை பானங்கள், 3 முதல் 7 வரை உணவுகள். பானத்தின் பதத்தைச் சோதிக்க 10 மில்லி சிரிஞ்ச் போதும் (எல்லாச் சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை, 0 கோட்டில் இருந்து 10 மில்லி கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்). முனையை விரலால் அடைத்து 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி விட்டு மறுபடி அடையுங்கள். சிரிஞ்சில் 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் நிலை 0, 1 முதல் 4 வரை மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, 8க்கு மேல் மிஞ்சியும் கொஞ்சம் இறங்கியிருந்தால் நிலை 3. ஒரு சொட்டும் இறங்கவில்லை என்றால் நிலை 4. "கொஞ்சம் கெட்டியா கலக்கிக் கொடுங்க" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஒருவருக்குக் கெட்டியாகத் தெரிவது இன்னொருவருக்குத் தண்ணீர்.

நம் சாப்பாட்டில் தனிக் கவனம் வேண்டிய ஒன்று ரசம் சாதம். பார்க்க மென்மையாக இருக்கும். வாய்க்குள் போனதும் ரசம் தனியாகப் பிரிந்து முதலில் ஓடிவிடும், சோறு பின்னால் நிற்கும். இரண்டு வேகத்தில் வருவதை ஒரே நேரத்தில் சமாளிப்பது பழுதுபட்ட தொண்டைக்கு மிகக் கடினம். பாலில் ஊறிய பிஸ்கட், சாம்பாரில் மிதக்கும் இட்லித் துண்டு, சாறு நிறைந்த தர்பூசணி எல்லாம் இதே வகை. குழைந்த தயிர் சாதத்தை நீர் பிரியாமல் மசித்துக் கொடுத்தால் பலருக்கு எளிது. கஞ்சியிலும் மாவுச்சத்துப் பொடி கலந்து கெட்டியாக்கிய பானத்திலும் ஒரு சிக்கல் உண்டு. எச்சில் பட்டதும் மாவுச்சத்து உடைந்து நீர்த்துவிடும். எச்சில் கரண்டியைத் திரும்பத் திரும்ப டம்ளரில் விட்டால், கடைசி வாய்க்கு வரும்போது அது மெல்லிய நீராகியிருக்கும். சாந்தன் கம் வகைப் பொடியில் இந்தத் தொல்லை இல்லை.

நேராக நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், முடித்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஒரு பராமரிப்பாளர் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு ஊட்டினால், அங்கே விதி எல்லாம் சுவரில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

மூக்குக் குழாய் வைத்திருப்பவருக்கு, குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு உணவுக்கும் முன் பார்க்க வேண்டும். காற்றை அடித்து ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்பக் கூடாது. குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம். குழாயில் உறிஞ்சி எடுத்த நீரை, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் விட்டால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் ஊட்டாமல் நிறுத்தி டாக்டரைக் கேட்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு எண் மேலே காட்டும், சந்தேகத்துக்கு எக்ஸ்ரேதான் வழி. 4 முதல் 6 வாரத்துக்கு மேல் குழாய் தேவை என்று தெரிந்தால், வயிற்றில் நேரடியாக வைக்கும் பெக் குழாயைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டி வைக்கும் பழக்கம் பெரும்பாலும் இந்தப் பேச்சு நடக்காத இடத்தில்தான் இருக்கிறது.

மாத்திரையும் வலிப்பும்

வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறுவது வலிப்பு வருவதற்குப் பொதுவான காரணம். தவறுவது எப்படி? ஞாயிற்றுக்கிழமை ஸ்டாக் தீர்ந்துவிடும், ஷிப்ட் மாறும்போது "அவங்க கொடுத்திருப்பாங்க" என்று விட்டுவிடுவார்கள், அவர் வாயில் ஒதுக்கி வைத்துத் துப்பியிருப்பார். மாத்திரைச் சார்ட்டில் கொடுத்த உடனே கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் காலை பத்து மணிக்குப் பார்க்கும்போது இரவு மாத்திரைக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தால், அந்தச் சார்ட் முழுவதுமே பொய்.

குழாய் வழியே கொடுக்க எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. சோடியம் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தின் மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். அதற்குப் பதிலாகச் சிரப் உண்டு. ஃபெனிடாயின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தின் சிரப் குழாய் உணவோடு சேர்ந்தால் உடம்பில் ஏறுவது குறையும், அதனால் முன்னும் பின்னும் உணவை எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் மேலே மருந்து குறைவாகவும் அடியில் அதிகமாகவும் இருக்கும். லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்து தொடங்கிய சில நாளில் ஒருவர் சிடுசிடுக்க ஆரம்பித்தால் அது அந்த மருந்தின் வேலையாக இருக்கலாம். அதை "குணம் மாறிப்போச்சு" என்று விட்டுவிடக் கூடாது.

வலிப்பு வந்தால் மணியைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வைக்க வேண்டும். சாவிக்கொத்தோ இரும்போ கையில் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை, வாயில் கரண்டி வைப்பது பல்லை உடைக்கும், மூச்சை அடைக்கும். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரேயை டாக்டர் எழுதித் தந்த அளவில் அடித்து 108ஐ அழைக்க வேண்டும். அந்த ஸ்ப்ரே எங்கே இருக்கிறது என்று இரவு ட்யூட்டியில் இருப்பவரைக் கேளுங்கள். அது பூட்டிய அலமாரிக்குள் இருக்க, சாவி மேனேஜரின் வீட்டில் இருந்தால், அங்கே ஸ்ப்ரே இல்லை என்றே கணக்கு.

மண்டையோடும் உள்ளே இருக்கும் குழாயும்

மூளை வீங்கியதால் வரும் அழுத்தம் குறைய, சிலருக்கு மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்திருப்பார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அந்த எலும்பை அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துப் பிறகு பொருத்துவதும் உண்டு. எலும்பு இல்லாத பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்கக் கூடாது, நடக்கும்போது ஹெல்மெட் வேண்டும், வயிற்றுத் தையலையும் தினமும் பார்க்க வேண்டும். மூளை நீரை வயிற்றுக்கு இறக்கும் ஷன்ட் குழாய் இருப்பவருக்குத் தலைவலி, வாந்தி, வழக்கத்தை மீறிய தூக்கம், நடை தடுமாறுவது, புதிதாகச் சிறுநீர் கட்டுப்படாமல் போவது ஆகியவை குழாய் அடைத்ததன் அடையாளமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "இன்னைக்கு அமைதியாத் தூங்குறாரு" என்று நிம்மதி அடைவதுதான் இதில் நடக்கும் தவறு.

குளியலறையைப் பற்றி ஒன்று மட்டும். உணர்வு குறைந்த பக்கத்தில் கொதிநீர் பட்டாலும் அவருக்குச் சுடாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். இங்கிலாந்துப் பராமரிப்பு இல்லங்களில், உடல் முழுவதும் முங்கிக் குளிக்கும் நீர் 44 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது வழிகாட்டு நெறி. நம் பக்கெட் குளியலுக்கு, பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து அதில் வெந்நீரைக் கலந்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது போதும்.

கோபம், கட்டிப்போடுதல், தூங்க வைத்தல்

ஒருவர் தினமும் காலை குளியலின்போது கையை ஓங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "வயலன்ட் பேஷன்ட்" என்று எழுதி முடித்தால் அடுத்து வருவது தூக்க மருந்து. நல்ல இல்லம் மூன்று பத்திகள் போட்டு எழுதும்: அதற்கு முன் என்ன நடந்தது, அவர் சரியாக என்ன செய்தார், அதன் பின் என்ன ஆனது. ஒரு வாரம் எழுதினாலே ஏதாவது பிடிபடும். பின்னால் இருந்து திடீரென்று தண்ணீர் ஊற்றுகிறார்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், தோள் மூட்டு வலிக்கும் பக்கத்தைத் தூக்குகிறார்கள், மூன்று நாளாக மலம் கழியவில்லை, சிறுநீர்த் தொற்று இருக்கிறது. பேச்சு வராதவருக்கு அடிப்பதுதான் வலியைச் சொல்லும் வழியாக இருக்கலாம். முன்னால் வந்து நின்று, ஒருவர் மட்டும் பேசி, மக்கை அவர் கையிலேயே கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவது உண்டு. மருந்தால் அமைதிப்படுத்தினால் விழுங்குவது இன்னும் கெடும், விழுவது கூடும்.

கட்டிவைப்பது என்ன செய்யும் என்பதை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநல இல்லம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. சங்கிலி இல்லாமல் சேலையாலோ பேண்டேஜ் துணியாலோ வீல்சேரோடு சேர்த்துக் கட்டியிருந்தாலும் தீ வந்தால் நிலைமை அதேதான். யாரையாவது கட்டியிருப்பதைப் பார்த்தால் யார் உத்தரவு, எத்தனை மணி நேரம், எப்போது அவிழ்ப்பார்கள், அதற்கு முன் வேறு என்ன முயன்றார்கள் என்று கேளுங்கள். இரவில் தீப்பிடித்தால் நடக்க முடியாதவரை யார் எந்த வழியில் வெளியே கொண்டுபோவார்கள் என்பதையும் கேளுங்கள்.

டீக்கடைக்குத் தனியாகப் போக வேண்டும்

இதுதான் இந்தத் துறையில் கடினமான பகுதி. 30 வயதுக்காரர், நினைவாற்றல் பாதி போய்விட்டது, தெருமுனை டீக்கடைக்குத் தனியாகப் போக ஆசைப்படுகிறார். கேட்டைப் பூட்டினால் இல்லத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. அவருக்கு மட்டும் வாழ்க்கை அந்தக் கேட்டுக்குள் சுருங்கிவிடும், இருக்கும் திறமையும் பயன்படாமல் மங்கும்.

செய்ய வேண்டியது படிப்படியாக நகர்வது. முதல் இரண்டு வாரம் பராமரிப்பாளர் கூடவே நடக்கிறார், தினமும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே இடத்தில் ரோட்டைக் கடப்பது. நினைவாற்றல் குறைந்தவரிடம் "இப்ப எந்தப் பக்கம் திரும்பணும், யோசிங்க" என்று கேட்கக் கூடாது. அவர் தவறாகச் சொன்னால் அந்தத் தவறே மனதில் பதியும், திருத்தியது பதியாது. அதனால் தவறுவதற்கு முன்பே "பிள்ளையார் கோயிலுக்கு அப்புறம் வலது" என்று சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அடுத்து பத்தடி பின்னால் நடப்பது. அடுத்து கேட்டிலேயே நின்று பார்ப்பது. கடைக்காரரிடம் அவர் சம்மதத்தோடு விஷயத்தைச் சொல்லி, தாண்டிப் போனால் அழைக்க எண் கொடுப்பது. சட்டைப் பையில் பெயரும் இல்லத்தின் எண்ணும் உள்ள அட்டை. கையில் 20 ரூபாய் மட்டும். 15 நிமிடத்தில் திரும்பாவிட்டால் யார் கிளம்பிப் போக வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் படியில் இரண்டு முறை தடுமாறுகிறாரோ, அதற்கு முந்தைய படிக்குத் திரும்பலாம். சிலர் தனியாகப் போகும் நிலையை எட்டமாட்டார்கள். பத்தடி பின்னால் ஒருவர் வர நடப்பதும் அவருக்குப் பெரிய விஷயம்.

இங்கிலாந்தின் மனத்திறன் சட்டம், 2005 ஒவ்வொரு முடிவையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது. பணத்தை நிர்வகிக்க முடியாதவர் என்ன உடுத்துவது, யாரைச் சந்திப்பது என்று முடிவெடுக்கக் கூடியவராக இருக்கலாம். இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சட்டத்தின் முன் அவருக்குச் சமமான தகுதியை அளிக்கிறது, தேவையான முடிவுகளுக்கு மட்டும் வரையறுத்த பாதுகாவலர் ஏற்பாட்டுக்கு வழி சொல்கிறது. "அவருக்கு ஒண்ணும் தெரியாது, நாங்களே பாத்துக்குறோம்" என்று அவர் முன்னாலேயே சொல்லும் இல்லம் இரண்டு நாட்டுச் சட்டத்தின் நோக்கத்துக்கும் எதிரானது.

ஆட்களும் ஏடுகளும்

பகலில் எத்தனை பேர் என்று எல்லாரும் கேட்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பராமரிப்பாளர்கள் எத்தனை மாதமாக வேலையில் இருக்கிறார்கள், பெண்களைக் குளிப்பாட்டுவது பெண்கள்தானா என்பதையும் கேளுங்கள். காயத்தால் சிலருக்குக் கட்டுப்பாடு போய்த் தகாத பேச்சும் தொடுதலும் வரும். மற்றவர்களையும் ஊழியர்களையும் எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்பதற்குத் தயக்கமில்லாத பதில் வேண்டும்.

விபத்துப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். தள்ளாடி நடக்கும் இருபது பேர் உள்ள இடத்தில் "ஒரு வருஷமா யாரும் விழல" என்றால் எழுதவில்லை என்றுதான் பொருள். விழப்போய்த் தப்பியதையும் எழுதி, அதே பாத்ரூம், அதே அதிகாலை ஐந்து மணி என்று கண்டுபிடித்துக் கைப்பிடி மாட்டிய இல்லம் நம்பத்தக்கது.

இங்கிலாந்தில் கேர் குவாலிட்டி கமிஷன் இல்லங்களைச் சோதித்து ஐந்து கேள்விகளால் மதிப்பிட்டு அறிக்கையைப் பொதுவில் வெளியிடுகிறது: பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, அக்கறை இருக்கிறதா, அவரவர் தேவைக்கு ஏற்ப நடக்கிறார்களா, நிர்வாகம் சரியா. நம் நாட்டில் 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனங்கள் பதிவுச் சான்று பெற வேண்டும், கேட்டுப் பாருங்கள். அந்தச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் மூளைக் காயம் தனிப் பெயராக இல்லை என்பது பெரிய இடைவெளி. அதனால் முதியோர் இல்லத்திலோ மனநல இல்லத்திலோ இவர்கள் சேர்க்கப்படுவதுண்டு. அப்படி ஓர் இடம்தான் கிடைத்தது என்றால், மேலே சொன்ன பராமரிப்புத் திட்டத்தை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கட்டிலுக்கு அருகே ஒட்டலாம். அவருடைய அந்தரங்கம் வெளியே தெரியாத அளவுக்கு.

சேர்த்த பிறகு முதல் மூன்று மாதம் சொல்லாமல் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் வேறு நேரத்தில். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்; மாதம் இரண்டு கிலோ குறைந்தால் விழுங்குதலையோ ஊட்டும் நேரத்தையோ விசாரிக்க வேண்டும். குதிகாலையும் இடுப்பின் பின்பக்கத்தையும் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு படுக்கைப்புண்ணின் தொடக்கம், அன்றே நர்ஸிடம் சொல்லிப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரங்களை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். முன் வராந்தாவிலேயே உங்களை உட்கார வைத்து அவரை அழைத்து வந்து காட்டினால், அவருடைய அறைக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவது முறையும் மறுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலையும் ஒப்புகைச் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.